மஞ்சள் காரைக் கேட்ட மகனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித் தொடங்கத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். நீ நலம் என்று எனக்குத் தெரியும். நேற்றும் போனில் கதைத்தாய், கல்கரியில் சித்திரை மாதத்திலும் பனி கொட்டுகிறது என்று திட்டினாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ கேட்டது அந்த மஞ்சள் காரை. "ஒரு வருஷமாய்க் கராஜுக்குள்ளை சும்மா நிக்குது அப்பா. நீங்களும் ஓடுறேல்லை, விக்கிறதும் இல்லை. மே மாசம் லீவிலை வந்து நான் ஓட்டிக்கொண்டு போறன்" என்றாய். நான் வழக்கம்போல, "உது பெற்றோலைத் தேத்தண்ணி மாதிரிக் குடிக்கும், பாதி வழியிலை வின்னிபெக்கிலை நிண்டு பிச்சை எடுப்பாய்" என்று பகிடி விட்டேன். நீ சிரிக்கவில்லை. "சீரியஸ்லி அப்பா. நல்லது என்ன, கெட்டது என்ன எண்டு ஒழுங்காய் எழுதி அனுப்புங்கோ. போனிலை கேட்டால் நீங்கள் பகிடி விட்டே தப்பிவிடுவியள்" என்றாய். பிறகு, எப்போதும்போல, "போனிலை சார்ஜ் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வைத்தாய்.

நான் ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவன். என்றாலும் மகன் கேட்டுவிட்டானே என்று ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்று எழுதத் தொடங்கினேன். கெட்டது பக்கத்தில் கடைசியாக ஒன்று வரவேண்டும். அது வரும் இடத்தில் பேனை நின்றுவிட்டது. அது உன் மாமி, என் தங்கச்சி, எடுத்த ஒரு போன் பற்றியது. அதைச் சொல்லாமல் இந்தக் காரின் சாவியை உன்னிடம் தர என்னால் முடியாது. சொன்ன பிறகு நீ காரையும் வேண்டாம் என்று விடலாம், என்னோடு கதைப்பதையும் விடலாம். அதற்குத் துணிந்துதான் எழுதுகிறேன். ஆனால் நான் எப்படிப்பட்ட பயந்தவன் என்று உனக்குத் தெரியும்தானே. பல்லுப் பிடுங்கப் போனால் டொக்டரோடு அரை மணி நேரம் காலநிலை கதைப்பவன். ஆகவே முதலில் நல்லதிலிருந்து தொடங்க விடு.

நான் பதினாறு வருஷம் இங்கே மார்க்கம் நகரத்தில், கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகம் வார்க்கிற தொழிற்சாலையில் நின்றவன். கதவின் உள்பக்கத்துப் பிடி. நாளுக்கு எத்தனை என்று எண்ண மாட்டேன், எண்ணினால் நித்திரை வராது. பெட்டியில் அடுக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புவோம். அது என்ன காருக்குப் போகிறது, யார் இழுத்துத் திறக்கிறார்கள் என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய கோடையில், அம்மாவுக்கு ஒரு அடக்கமான கார் பார்க்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம். வாசலில் இது நின்றது. மஞ்சள் நிறம், மூக்கு நீளம், இடுப்பு அகலம், சண்டைக்கு நிற்கிற காளை மாதிரி. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தக் கை வைத்தால், என்னுடைய பிடி! அதன் அடியில் அச்சு விடுகிற சின்னத் தழும்பு வரைக்கும் என் விரலுக்குத் தெரிந்தது. நான் கதவைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன். "இது நான் செய்தது, இது நான் செய்தது" என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சொன்னது உனக்கு நினைவிருக்கும். "பிடி உங்கடை எண்டால் பிடியை மட்டும் வாங்குங்கோவன்."

வாங்கிவிட்டேன். முதல் நல்லது, அதில் ஏறினால் நீ யாரோ ஒருவன் ஆகிவிடுவாய். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் என்னிடம் வலிய வந்து கதைத்ததில்லை. இந்தக் காருக்குப் பெற்றோல் அடிக்கப்போன முதல் நாளே ஒருவர் ட்ரக்கை விட்டிறங்கி வந்து, தொப்பியைத் தூக்கி, எட்டுச் சிலிண்டரா என்று கேட்டார். ஓம் என்றேன். மூடியைத் திறந்து காட்டினேன். எனக்கு அதற்குள் எது எது என்று தெரியாது, அவர் எனக்கே விளக்கப்படுத்தினார். போகும்போது கை தந்தார். கை தந்தது எனக்கில்லை, காருக்குத்தான் என்று தெரிந்தும் வீடு வரை சிரித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது நல்லது, நெடுஞ்சாலையில் ஏறும்போது யாரிடமும் இடம் கேட்கத் தேவையில்லை. பழைய காரில் நான் ஏறுவழியின் முடிவில் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிடுவேன். இதில் காலை இலேசாக வைத்தால் போதும், லொறிகள் எல்லாம் பின்னால் நிற்கும். முதுகை யாரோ பெரியவர் ஒருவர் பிடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். வாழ்க்கையில் என்னை அப்படி ஒருவரும் தள்ளிவிட்டதில்லை.

பிள்ளையாரைச் சொன்னதும் நினைவு வருகிறது. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோமே, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் தீபம் காட்டி, "மெல்ல முன்னுக்கு எடுங்கோ" என்றார். நான் பழைய கார் நினைவில் மிதித்தேன். பின்சில்லு சுற்றிய சுற்றில் எலுமிச்சம்பழம் நசியவில்லை, பறந்தது. ஒன்று பின்னால் பூசைக்கு நின்ற புது வான் வண்டியின் கண்ணாடியில் போய் அடித்தது. ஐயர் சால்வையை உதறிக்கொண்டு, "அண்ணை, பிள்ளையாரைச் சுத்தி வரச் சொன்னனான், பிள்ளையாரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லேல்லை" என்றார். நீ அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து சிரித்தாய். நீ அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

கெட்டதும் உண்டு. இரண்டு கதவு. பின்சீற்றில் ஏறுவதற்குச் சேலை உடுத்த மனிசருக்கு வழி இல்லை, ஏறினால் இறங்க வழி இல்லை. மில்லிக்கனில் கலியாண வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அன்ரியை நானும் நீயும் ஆளுக்கொரு கையில் இழுத்து எடுத்தோம். அவ இன்றைக்கும் என்னைக் கண்டால் இடுப்பைத் தடவிக் காட்டுவா. கதவு நீளமென்பதால் கடைப் பிளாசாவில் இரண்டு காருக்கு நடுவில் விட்டால் நீ யன்னலால்தான் வெளியே வரவேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால் கூரையைத் தாங்குகிற தூண்தான் தெரியும், றோட்டுத் தெரியாது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் காப்புறுதிக்காரன் உன் சம்பளத்தில் பங்காளி. பொலிஸ்காரனுக்கும் இந்த மஞ்சள் மீது ஒரு கண். நான் அறுபதில் போனாலும் என் முகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உன்னுடைய கார்தானா?" என்று கேட்டுத்தான் விடுவான்.

பனிக்காலத்துக்கு இது ஆகவே ஆகாது. சக்தி எல்லாம் பின்சில்லுக்குப் போகிறது, பாரமெல்லாம் முன்னால் இருக்கிறது. ஐஸில் அது என்னைப்போல, நினைத்த பக்கம் போகாது. மற்றவர்கள் டிக்கியில் மண்மூட்டை போடுவார்கள். நான் கெட்டிக்காரன் அல்லவா, மண்ணுக்கு ஏன் காசு என்று இரண்டு பெரிய அரிசி மூட்டையை வாங்கிப் போட்டேன். அம்மா அரிசி அளக்கிற சுண்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போய், டிக்கியைத் திறந்து, அளந்துகொண்டு வருவா. "உலகத்திலை காருக்குள்ளை உலை வைக்கிறது நாங்கள் மட்டும்தான்" என்று திட்டுவா. நாங்கள் சாப்பிடச் சாப்பிடக் கார் வழுக்கியது. மாசி மாதம் ஒரு மூட்டை முடிந்த கிழமை, நம்முடைய தெரு முடக்கில் வைத்து அது முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த திசைக்கே திரும்பி நின்றது. கல்கரிக்கு இதைக் கொண்டுபோவதென்றால் நீ அரிசிச் சோற்றை விடவேண்டி வரும்.

இதெல்லாம் பகிடிதான். நீ சொன்னது சரி, நான் பகிடி விட்டே தப்புகிறவன்.

நல்லது பக்கத்தில் நான் முதலில் எழுதி, பிறகு வெட்டி, கெட்டது பக்கத்தில் எழுதி, அங்கேயும் வெட்டின ஒன்று இருக்கிறது. அதன் சத்தம். சாவியைத் திருப்பியதும் முதலில் ஒரு இருமல், பிறகு நெஞ்சுக்கூட்டுக்குள் நின்று உறுமுகிற அந்தச் சத்தம். வாங்கின புதிதில் நான் அதை ஊர் முழுக்கக் கேட்க வைத்தேன். ஊர் என்றால் கிளிநொச்சி வரைக்கும். அந்த நேரம் உன் மாமி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள், கிழமைக்கு ஒருமுறை தொலைபேசிக் கடைக்கு வந்து எடுப்பாள். எனக்கு இருக்கிற ஒரே தங்கச்சி. நீ பிறந்த மூன்றாம் மாதம் நான் கொழும்புக்குப் போய் ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் அலைந்தேன். நீயும் அம்மாவும் இங்கே வரும்வரை, உன் நாலு வயது வரை, உன்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவள் அவள்தான். கலியாணம் பேசி வந்தவர்களுக்கெல்லாம், "இவனை ஒருத்தரிட்டைக் குடுத்துப்போட்டு வாறன், இருங்கோ" என்பாள். கடைசியில் ஒருவரும் இருக்கவில்லை.

கார் வாங்கினதைச் சொன்னபோது, "அண்ணை, ரெண்டு கதவெண்டால் பாதிக் கார்தானே? மற்றப் பாதியை எப்ப வாங்கப் போறியள்?" என்றாள். நான் விடவில்லை. "பொறு, சத்தத்தைக் கேள்" என்று கராஜுக்குள் போய், காரை ஸ்ராட் பண்ணி, போனைப் பின்னால் புகைக்குழாயின் வாயில் பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது அவள் கத்திக்கொண்டிருந்தாள். "நிப்பாட்டுங்கோ அண்ணை, நிப்பாட்டுங்கோ, கடைக்குள்ளை சனம் எழும்பி ஓடுது, கிபீர் எண்டு!" கடைப் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. கிபீர் என்பது அங்கே குண்டு போட வருகிற விமானம். நான் நிற்பாட்டினேன். பிறகு அவளே சிரித்தாள். "பயந்தாங்கொள்ளிச் சனம் அண்ணை. நான் அங்கை வந்தால் முன்சீற்று எனக்குத்தான், மச்சாள் பின்னாலை இருக்கட்டும்" என்றாள். நான் அதையும் ஒரு பகிடிக் கதையாகத்தான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருஷம் பிறந்ததும் தொழிற்சாலையில் எங்களை அனுப்பிவிட்டார்கள். கிளிநொச்சியும் ஆமியிடம் போய்விட்டது. மாமி சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் ஒழுங்காக எழுதுகிறேன், ஒழுங்கு தவறினால் நான் எங்கேயாவது நழுவிவிடுவேன். அவளிடமிருந்த, எங்கள் நம்பர் எழுதின தாள் வீட்டோடு போய்விட்டது. மனப்பாடமாகத் தெரிந்தது என்னுடைய கைப்போன் நம்பர் ஒன்றுதான். அங்கே யாரோ ஒருவரிடம் சற்றலைற் போன் இருந்தது. வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிஷம். பத்து நாளைக்கு ஒருமுறை, எங்களுடைய காலை நேரத்தில் அவள் எடுப்பாள். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டது நீ. போன் எப்போதும் என் கையில், எப்போதும் சார்ஜோடு, நான் எப்போதும் சத்தமில்லாத இடத்தில். அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குப் போவா. நீ விடிய எழும்பி டவுன்டவுனுக்கு, அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடித்துக்கொண்டு நிற்கப் போவாய். வேலை இல்லாத கிழவனுக்கு ஒரே ஒரு வேலை, குசினி மேசையில் போனுக்கு முன்னால் இருப்பது.

மே மாதத்தின் இரண்டாவது கிழமை. அவள் எடுத்துப் பதினொரு நாளாகியிருந்தது. அன்று காலை நீ அவசரத்தில் சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். நம் இருவருடைய போனுக்கும் ஒரே சார்ஜர்தானே. அது உண்மை. ஆனால் என் போனில் இரண்டு கோடு சார்ஜ் இருந்தது, தம்பி. அது செத்துப்போகவில்லை. அன்று பின்னேரம் வரை அது சாகவில்லை.

ரீவியில் கடற்கரையில் செத்துக் கிடந்த சனத்தின் அதே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ரீவியை நிற்பாட்டினேன். பால் வாங்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு காரை எடுத்தேன். பால் விற்கிற பிளாசாவைத் தாண்டினேன். நானூற்று நாலாம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திருப்பினேன். போன் பக்கத்துச் சீற்றில் கிடந்தது. அன்றுதான் முதல் நல்ல வெயில், றோட்டு வெறுமையாக இருந்தது, யன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு மிதித்தேன். அந்தச் சத்தம் எழும்பி என்னை மூடியது. ஐந்து கிழமையாகக் காதுக்குள் இருந்த எல்லாவற்றையும் அது அழித்தது. நான் கத்தினேன். பாட்டா, கூக்குரலா என்று தெரியாது, கத்தினேன். நியூமார்க்கெற் வரைக்கும் போனேன், கால் மணி நேரம் இருக்கும். அந்த நேரம் முழுக்க நான் தங்கச்சியை நினைக்கவில்லை. செத்தவர்களை நினைக்கவில்லை. உன்னையும் நினைக்கவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதத்தான் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. துக்கத்திலோ, நித்திரையிலோ, வருத்தத்திலோ நான் அந்தப் போனைத் தவறவிடவில்லை. சந்தோஷத்தில் தவறவிட்டேன்.

ஒரு கோப்பிக் கடை வாசலில் நிற்பாட்டி, எஞ்சினை அணைத்த பிறகு பார்த்தால் போன் சீற்றுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது, நான் வார்த்த பிடிக்கு நேரே கீழே. மூன்று மிஸ்ட் கோல். அந்த நீளமான நம்பர். திருப்பி எடுத்தேன். ஒரு பொடியன் பேசினான்.

"ஆர், ரீச்சற்றை அண்ணையோ? அவ மூண்டு தரம் அடிச்சவ. மற்றச் சனமும் நிக்குது எண்டு விலகி நிண்டு பாத்தவ. இப்பத்தான் பங்கர்க் குழிக்குள்ளை போயிட்டா. ஆமி செல்குண்டு அடிக்கிறாங்கள் அண்ணை, என்னாலை போய்க் கூப்பிடேலாது. நாளைக்கு இதே நேரம் எடுங்கோ."

"ஓம் தம்பி" என்றேன்.

"ஏதும் சொல்லவேணுமே?"

"அண்ணை எடுத்தவர் எண்டு சொல்லு" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் அந்த நம்பர் வேலை செய்யவில்லை, அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். முகாம் பட்டியல் எல்லாவற்றிலும் பார்த்தோம். வந்து சேர்ந்த எல்லோரிடமும் கேட்டோம். அவளுக்குத் திவசம் செய்வதா, விடுவதா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அன்று பின்னேரம் நீ வந்தாய். வெயிலில் கறுத்து, தொண்டை அடைத்து, காலில் கொப்புளத்தோடு வந்தாய். சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "மாமி எடுத்தவவோ?" என்றாய்.

"எடுத்தவள். மூண்டு தரம்."

"என்ன சொன்னவ?"

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று சொல்லலாம். இருந்தது, தம்பி. நியூமார்க்கெற்றிலிருந்து திரும்பி வந்த வழி முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன். "நான் எடுக்கேல்லை. போன் செத்துக் கிடந்தது. சார்ஜரை நீயெல்லோ கொண்டு போட்டாய்" என்றேன்.

நீ பையைத் திறந்து அந்தச் சார்ஜரை வெளியே எடுத்து, வயரைப் பார்த்தாய். பிறகு, "சொறி அப்பா" என்றாய்.

போன் செத்துக் கிடந்தால், அவள் மூன்று தரம் அடித்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் போனைத் திருத்திப் பழக்கித் தந்தவனே நீ. அந்தக் கேள்வி உனக்கு வந்திருக்க வேண்டும். அன்று களைப்பில் வரவில்லை என்றாலும் ஒரு வருஷத்தில் ஒருநாள் வந்திருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியாதா, தெரிந்தும் அப்பனைக் காப்பாற்றக் கேட்காமல் விட்டாயா என்று உன் முகத்தை நான் மாதக் கணக்கில் பார்த்தேன். முதலாவது என்றால் நான் உன்னை ஏமாற்றினேன். இரண்டாவது என்றால் என் பொய்யை நீ எனக்காகச் சுமந்தாய். எது மோசம் என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் நீ ஊர்வலத்துக்குப் போகவில்லை. நண்பர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. என்னோடு குசினி மேசையில் இருந்து போனைப் பார்த்தாய். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அந்தக் கிழமையே மூன்று சார்ஜர் வாங்கி வந்தாய், குசினிக்கு ஒன்று, படுக்கை அறைக்கு ஒன்று, கராஜுக்கு ஒன்று. குசினிச் சார்ஜருக்கு மேலே "களட்ட வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டினாய், 'ழ'வுக்குப் பதில் 'ள' போட்டு. உன் சட்டைப்பையிலும் எப்போதும் ஒன்று. நீ கல்கரிக்குப் போன நாள் விமானநிலையத்தில் சோதிக்கிறவன் அதை எடுத்து வெளியே வைத்ததும் நீ பதறிப்போய்த் திரும்ப வாங்கினதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கையைக் காட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் நடந்தது, உனக்குத் தெரியாது. கோயிலில் ஒருவர் காரைப் பற்றிக் கேட்டபோது நீ, "மாமிக்குப் பிறகு அப்பா அதைத் தொடுறேல்லை, அங்கிள்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பெருமையாகச் சொன்னாய். அப்பா துக்கத்தில் ஒரு ஆசையை விட்டவர் என்று நினைத்திருக்கிறாய். நான் துக்கத்தில் விடவில்லை. பயத்தில் விட்டேன். அதன் சத்தம் எழும்பினால் எனக்குள் இன்னும் அந்தச் சந்தோஷம் எழும்பும் என்று பயம்.

நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மாவுக்குச் சொன்னேன். அவ கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டு நின்றா. அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்து, எனக்கு முன்னால் இருக்காமல் பக்கத்தில் இருந்தா. திட்டுவா என்று பார்த்தேன். "எனக்குச் சொல்லி என்ன? அவனுக்குச் சொல்லுங்கோ" என்றா. பிறகு, "என்ரை பிள்ளை இஞ்சையிருந்து போகுமட்டும் சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துக்கொண்டெல்லோ சாப்பிட்டவன்" என்றா. எனக்குக் கிடைத்த திட்டிலேயே பெரிய திட்டு அது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒரு புத்தியாவது இருக்க வேண்டும்தானே. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். அதன் முகத்துக்கு நேரே ஒரு பொய் சொல்லிவிட்டால், அன்று படுக்கப் போக முன்னமே போய்த் திருத்திவிடு. ஒரு இரவு விட்டால் அது வீட்டில் அலுமாரி மாதிரி ஒரு மூலையைப் பிடித்துவிடும். பிறகு எல்லோரும் அதைச் சுற்றி நடக்கப் பழகிவிடுவோம். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் மறந்துபோகும். எனக்கு அந்த வீட்டில் இருந்து பழக்கம், அதனால் சொல்கிறேன்.

இனிக் கார். தாளில் கடைசியாக எழுதவேண்டியதை இங்கே எழுதுகிறேன். அதன் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான். உள்ளே இருந்தால் வேறொன்றும் கேட்காது. உனக்கு அது தேவையான நாளும் வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். சாவி குசினியில், நாள்காட்டி கொழுவின ஆணியில் இருக்கிறது. மே மாதம் வந்து அதை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். எடுப்பதென்றால் பற்றரி இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டு அங்கிளிடம் வயர் வாங்கி வைக்கிறேன். டிக்கியில் அந்த மிச்ச அரிசி மூட்டை இன்னும் இருக்கிறது. விடுவதென்றால், காரணம் சொல்லவேண்டாம். எனக்கு விளங்கும். என் போன் நம்பரை மட்டும் ஒருநாளும் மாற்றச் சொல்லாதே. அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் மூன்று சார்ஜர் வரும். ஒட்டின தாளையும் கிழியாமல் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். அவை நீ செய்யாத பிழைக்கு வாங்கினவை, ஆகவே எனக்குச் சொந்தமில்லை. நான் இன்று காலை பிளாசாவுக்கு நடந்துபோய் எனக்கென்று ஒன்று வாங்கி, இப்போது குசினியில் செருகியிருக்கிறேன். இனி என்னோடு கதைத்தால், சார்ஜ் இருக்கிறதா என்று கேட்காதே, தம்பி. என்னிடம் வேறு ஏதாவது கேள்.

அப்பா